ஓவர்ஹால் முடிந்த இன்ஜின் ஏன் தாப்பா தாண்டுவதில்லை?

பழைய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கி, இன்ஜினைத் தாங்களே பிரித்துக் கட்டி, கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை ஓட்டிப் போக ஆசைப்படும் தம்பிகள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். ஆயில் ஊற்ற மறப்பது, போல்ட் விட்டுப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

லேத் பட்டறையிலிருந்து வந்ததை அப்படியே மாட்டுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல். கிராங்க் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கிரைண்டிங் முடிந்து பளபளவென்று, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி வரும். பார்த்ததும் மாட்டத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே சாய்வாக ஓடும் ஆயில் துளைகளில் கிரைண்டிங் தூளும், பிளாக்கின் கேலரியில் (ஆயில் ஓடும் முக்கியத் துளை) போரிங் போட்ட இரும்புத் தூளும் அப்படியே கிடக்கும்.

"ஃபில்டர் இருக்கே அண்ணே!" என்பார்கள். ஃபில்டர் பம்புக்கும் கேலரிக்கும் நடுவில் இருக்கிறது. தூள் கிடப்பதோ ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில். ஸ்டார்ட் செய்ததும் நேராக பேரிங்கில்தான் போய் விழும்.

செந்தூலில் ஒரு தம்பி 1098 சிசி இன்ஜினுக்கு கிராங்க்கை 0.010 அங்குலம் கிரைண்டிங் போட்டு, புது பேரிங் வைத்துக் கட்டினான். வீட்டுப் பக்கம் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. பினாங்கு போகும் வழியில் பீடோர் தாண்டியதும் அடியில் 'டொக் டொக்'. தாப்பா நெருங்கும்போது ஆயில் லைட். லாரியில் ஏற்றித்தான் வந்தது. இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தால், கனெக்டிங் ராடு கிராங்க்கில் மாட்டும் பிக் எண்ட் பேரிங் முழுக்க நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். கிராங்க் துளைக்குள் பிரஷ் விட்டு இழுத்தேன், சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் கிரைண்டிங், இந்தத் தடவை 0.020, மறுபடியும் பேரிங், கேஸ்கெட். பட்டறைக்காரரிடம் கேட்டால், "கழுவுறது கட்டுறவன் வேலைங்க" என்றார். இதில் கடுப்பு என்னவென்றால், அவர் சொன்னது சரி.

கேலரி முனைகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றுங்கள். நீள பிரஷை ஒவ்வொரு துளையிலும் விட்டுத் தேய்த்து, காற்றடியுங்கள். சிலிண்டரை மண்ணெண்ணெயில் துடைத்தால் போதாது, சுவரைத் தேய்த்து மெருகேற்றிய ஹோனிங் பொடி சுவரில் ஒட்டியே இருக்கும். சுடுதண்ணீர், சோப்பு போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். உடனே ஆயில் தடவிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வருவதற்குள் துரு பூத்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடுவது

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும், அதன் மேல் உரசும் டேப்பெட்டுக்கும் ஆயில் பெரும்பாலும் தெறித்துத்தான் போகிறது. மெதுவாக ஓடினால் தெறிப்பு போதாது. புது கேம் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி 20 நிமிடம் ஓட விடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவது

இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வ் இது. "வெயில் நாட்டுக்கு இது எதுக்கு?" என்று கேட்காத ஆளில்லை. அதிகமாகச் சூடாகிறது என்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் நெடுஞ்சாலையில் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும்; ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும்.

110 என்று போர்டு போட்டிருக்கிறதே என்று ஓட்டுவது

அது அனுமதி, கட்டாயமில்லை. 110-இல் மைனர் இன்ஜின் 4,000 சுற்றைத் தாண்டி அலறும். வால்வ் வந்து உட்காரும் இடமான சீட் கடினப்படுத்தாததாக இருந்தால், ஈயமில்லாத பெட்ரோலில் அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டும்போது வால்வ் உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். நான் தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய ரோட்டைப் பிடித்துவிடுவேன். 80-க்குள் போகலாம், சிலிம் ரிவரில் பசியாறலாம், போனெட்டைத் திறந்து எங்கே கசிகிறது என்றும் பார்க்கலாம்.

ஹெட் நட்டை மறுபடி இறுக்காமல் கிளம்புவது

சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளை முதல் 500 கிலோமீட்டருக்குள் இறுக்குங்கள். பிறகு வால்வ் கிளியரன்ஸைப் (வால்வுக்கும் ராக்கருக்கும் இடைவெளி) பாருங்கள், 0.012 அங்குலம்.

டாஷ்கேமை அவசரமாக மாட்டுவது

மைனருக்கு பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும்; டாஷ்கேமோ மைனஸ் முனை பாடியில் இருக்கும் கார்களுக்குச் செய்தது. ஒயரைத் தொடுமுன் பேட்டரியைப் பாருங்கள்.