இங்கிலாந்தில் ஃபிளாட் லீஸை நீட்டிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஃபிளாட் வைத்திருப்பவரிடம் லீஸ் (ஃபிளாட்டை வைத்துக்கொள்ளத் தரும் நீண்டகாலக் குத்தகை) எத்தனை ஆண்டு என்று கேட்டால், "99 வருஷம்" என்று சட்டென்று பதில் வரும். அது முதன்முதலில் எழுதிய காலம். 1988 ஜூன் 24 முதல் 99 ஆண்டு என்று பத்திரம் சொன்னால், நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் 2087 ஜூனில் கதை முடிந்தது. நீங்கள் வாங்கிய தேதிக்கு அதில் வேலையே இல்லை. சொத்துப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டி உங்கள் பதிவை எடுத்துப் பாருங்கள், தொடக்கத் தேதி அதில் இருக்கும். "எங்களுக்கு ஃப்ரீஹோல்டிலேயே பங்கு இருக்கிறது" என்று (ஃப்ரீஹோல்டு என்பது கட்டடத்தின், நிலத்தின் முழு உரிமை) நிம்மதியாக இருப்பவர்களும் பார்க்க வேண்டும். பங்கு இருந்தாலும் ஃபிளாட்டின் லீஸ் தன்பாட்டுக்குக் குறைந்துகொண்டுதான் போகும்.

தேதி தெரிந்ததும் கவனிக்க வேண்டியது 80 ஆண்டுக் கோடு. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் லீஸோடு 90 ஆண்டு கூட்டிக் கேட்கலாம்; நிலத்துக்குக் கட்டும் வாடகையான கிரவுண்ட் ரென்டும் பூஜ்யமாகிவிடும். அதற்கு ஃப்ரீஹோல்டு உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்கு ஒரு தொகை தர வேண்டும். லீஸில் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால், அவர் இழக்கும் வாடகைக்கும், ஃபிளாட் அவர் கைக்குத் திரும்புவது தள்ளிப்போவதற்கும் மட்டும்தான் ஈடு. 80ஐத் தொட்டாலே 'மேரேஜ் வேல்யூ' சேர்ந்துகொள்ளும். நீட்டித்ததால் ஃபிளாட்டின் விலை ஏறுகிறதல்லவா, ஃப்ரீஹோல்டரின் இழப்பைக் கழித்து மிஞ்சும் லாபத்தில் பாதி அவருக்கு. அந்த மிச்சம் 20,000 பவுண்டு என்றால் 10,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். எத்தனை ஆண்டு மிச்சம் என்ற கணக்கு நிற்பது, நீட்டிப்புக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுத்த நாளில்தான். 81 ஆண்டு இருக்கும்போது சொலிசிட்டரைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.

இப்போது அதிகம் காதில் விழும் தவறு, "புதுச் சட்டம் வருகிறது, பொறுப்போம்" என்பது. 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பும் தரும், மேரேஜ் வேல்யூவையும் எடுத்துவிடும். ஆனால் இதை எழுதும்போது அந்த இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. ஃபிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் 2025 ஜனவரி 31 அன்று போய்விட்டது. 95 ஆண்டு மிச்சம் இருப்பவர் தாராளமாகப் பொறுக்கலாம். 82இல் இருப்பவர் பொறுப்பது சூதாட்டம் என்பது என் எண்ணம். 65இல் இருப்பவர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியவர். விற்கவோ மோர்ட்கேஜ் மாற்றவோ அவசரம் இல்லை என்றால் அவருக்குக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அவசரம் இருந்தால் வழியில்லை, குறுகிய லீஸுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும்.

அப்புறம், ஃப்ரீஹோல்டரே கடிதம் போட்டு, "வழக்கு வம்பு வேண்டாம், நாமே பேசி முடித்துக்கொள்வோம்" என்பார். விலை குறைவாகவே தெரியும். லீஸ் 125 ஆண்டு ஆகும் என்பார். ஆனால் 90 ஆண்டு கூட்டுவதில்லை, மொத்தமே 125. 2022 ஜூன் 30 முதல் புதிய கிரவுண்ட் ரென்ட் ஏற்ற முடியாது என்றாலும், இப்படிப் பேசி முடிக்கும்போது பழைய லீஸின் மிச்சக் காலம் முழுக்கப் பழைய வாடகையை வைத்துக்கொள்ளலாம். பேசுவதில் தப்பில்லை. ஆனால் பேச்சு இழுத்துக்கொண்டே போய் லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், ஒப்பந்தம் முறிந்தாலும் லாபம் அவருக்குத்தான்.

நோட்டீஸில் செய்யும் பிழைகள் விலை கூடியவை. பேரம் என்று நினைத்து அடிமாட்டு விலை போடக் கூடாது. வெறும் 100 பவுண்டு தருவதாகச் சொன்ன நோட்டீஸ் செல்லாது என்று 1998இல் ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அனுபவமுள்ள சர்வேயரிடம் மதிப்பீடு வாங்கி, அவர் சொல்லும் நியாயமான குறைந்த தொகையை எழுதுங்கள். அனுப்புவதும் சரியான ஆளுக்குப் போக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வசூலிக்கும் ஏஜென்ட் பெரும்பாலும் அந்த ஆள் இல்லை. உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் நடுவில், அவரிடம் லீஸ் எடுத்த ஒரு தலைமை லீஸ்காரர் இருந்தால் இன்னும் குழப்பம். செலவைத் திட்டமிடும்போது ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் நம் தலையில்தான் என்பதை மறக்காதீர்கள்.

நோட்டீஸ் போன பிறகும் ஓய முடியாது. பதிலாக வரும் எதிர் நோட்டீஸுக்கு ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அது வந்து, விலையில் ஒத்துப்போகவில்லை என்றால், வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குப் பின், ஆறு மாதத்துக்குள் சொத்துத் தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நோட்டீஸ் கைவிட்டதாகிவிடும், அடுத்த 12 மாதம் புதிதாகக் கொடுக்க முடியாது. எதிர் நோட்டீஸே வரவில்லையா? அப்போது கவுன்டி கோர்ட்டுக்குப் போக ஆறு மாதம் உண்டு. நாம் எழுதிய விலையே நிற்கும் வாய்ப்பு அது, கோட்டைவிடக் கூடாது. விலை பேசி முடிந்த பிறகும் நான்கு மாதத்துக்குள் புதிய லீஸ் கையெழுத்தாக வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் இந்தத் தேதிகளை நீங்களும் எழுதி வையுங்கள்.

80க்குப் பக்கத்தில் நிற்கும் ஃபிளாட்டை வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரையே நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அந்த உரிமையை வீட்டு மாற்றத்தோடு சேர்த்து உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். வீடு கைமாறிய பிறகு தனியாக மாற்றித் தந்தால் செல்லாது.