கனிஸ்டர் ஃபில்டரில் காற்றுக் குமிழி: என் அனுபவம்

கல்லடியில் எங்கள் வீட்டு மூன்றடி மீன்தொட்டிக்குக் கனிஸ்டர் ஃபில்டர்தான்; தொட்டிக்கு வெளியே கீழே இருக்கும் மூடிய டப்பா, ஒரு குழாயால் தண்ணீரை உறிஞ்சி, வடித்து, இன்னொரு குழாயால் திருப்பி அனுப்பும். போன மாதம் கழுவிப் பூட்டியதிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் குழாயில் பொடிப்பொடியாய்க் குமிழிகள், இரவில் மோட்டர் கரகரவென்று சத்தம் வேறு. கழுவினால் உள்ளே கொஞ்சம் காற்று சிக்குவது வழமைதான், ஓடவிட்டபடியே மெல்லச் சரித்தால் வெளியேறிவிடும்; எனக்கு மூன்று நாளாகியும் போகவில்லை. தொட்டிக்குள் குமிழி விடும் காற்றுக்கல்லை உறிஞ்சு குழாயை விட்டுத் தள்ளி வைத்தேன், பஞ்சை அலசினேன், மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் பூசினேன். ம்ஹூம்.

நிலத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாததால் ஒழுக்கு என்று நினைக்கவே இல்லை. ஆனால் உறிஞ்சு குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டி வளைகிற இடம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது, அங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும்! அந்த மூட்டில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றினேன், கொஞ்ச நேரத்தில் குமிழி குறைந்தது. கழற்றிப் பார்த்தால் குழாய் நுனி காய்ந்து விறைத்து, நகக்கீறல் அளவுக்கு வெடித்திருந்தது. ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, நுனியைச் சுடுதண்ணீரில் தோய்த்து இளக்கி, அடிவரை தள்ளிச் செருகி இறுக்கினேன். அன்றிரவே சத்தமும் நின்றது.