டேப்லெட் வழியே பேச்சுப் பயிற்சி: வீட்டில் தொடரும் முறை

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்காக ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அழைத்துச் சென்றுவரும் பாம்பன், மண்டபம் பகுதிப் பெற்றோர், மற்ற நாள்களில் டேப்லெட்டைக் கொண்டு வீட்டிலேயே பயிற்சியைத் தொடரலாம். படத்தைத் தொட்டால் தமிழில் ஒலிக்கும் செயலி ஒன்றைப் பயிற்சியாளரின் ஆலோசனையோடு தேர்ந்தெடுங்கள்.

‘வேணும்’, ‘போதும்’, ‘இன்னும்’ என்ற மூன்று சொற்களோடு தொடங்குங்கள். படத்தைத் தொடச் சொல்லிப் பிள்ளையை வற்புறுத்தாமல், தட்டில் வறுத்த நெத்திலி ஒன்றை மட்டும் வைத்து, அது தீர்ந்ததும் நீங்களே ‘இன்னும்’ படத்தைத் தொட்டு, வாயாலும் சொல்லிவிட்டு, பத்து விநாடி பேசாமல் காத்திருங்கள். அந்த மௌனத்தைப் பொறுப்பதுதான் பெற்றோருக்கு மிகக் கடினம். ஆனால் பிள்ளை பதிலைத் தேடுவது அப்போதுதான்.

படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். டேப்லெட்தான் பிள்ளையின் குரல் என்பதால், அதைத் தண்டனையாக ஒருபோதும் பிடுங்கி வைக்காதீர்கள். கடற்கரைக்குப் போனாலும், மணலும் உப்புக்காற்றும் படாத உறையிட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.