மரம் கழிக்க ஆள் வைக்கும் முன்
காற்றும் மழையும் வலுக்கும் முன்பே கிளை கழிக்க ஆள் வைத்துவிடுங்கள். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் கட்டாயம் சொல்லுங்கள்: உச்சியை மொட்டையடிக்கக் கூடாது. அப்படி வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. பலத்த காற்றில் எளிதில் முறிந்துவிடும்.

கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள், வளையம் போலச் சற்றுப் புடைத்திருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்டினால்தான் காயம் ஒழுங்காக மூடும். பெரும்பாலும் பெயின்ட் பூசத் தேவையில்லை. ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் கிளைகளை எடுக்க விடாதீர்கள். மின்கம்பிக்குப் பக்கத்துக் கிளை என்றால் முதலில் மின்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் புல்தரை. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெட்ட வேண்டும். கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக விடச் சொல்லுங்கள், மண்ணில் ஈரம் நிற்கும்.