லண்டனிலிருந்து பாரிசுக்குக் காரில்: டோவருக்கு முன்னரே நடந்துவிடும் தவறுகள்

பாரிசில் கல்யாணம், ஸ்டுட்கார்ட்டில் சாமத்திய வீடு, சூரிச்சில் சித்தியின் புதுமனை என்று ஏதாவது ஒன்று வருடா வருடம் வந்துவிடும். ஐந்து பேருக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, சரி, காரிலேயே போய்விடுவோம் என்று முடிவெடுப்போம். லண்டனிலிருந்து டோவர் துறைமுகம் இரண்டு மணித்தியாலம், கப்பலில் கடல் ஒன்றரை மணித்தியாலம், அக்கரையில் பிரான்ஸ் துறைமுகமான கலேயிலிருந்து பாரிஸ் சுமார் 300 கிலோமீட்டர். கணக்கில் பிழை இல்லை. இந்தப் பயணத்தில் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானோர் ரோட்டில் மாட்டுவதில்லை, வீட்டில் முடித்திருக்க வேண்டிய ஒன்றைத் துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் மாட்டுகிறார்கள்.

பாஸ்போர்ட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் முழுப் பயணத்தையும் ஒரு நிமிடத்தில் முடித்துவைக்கக்கூடியது அதுதான். எல்லோரும் முடிவுத் தேதியை மட்டும் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் பார்க்க வேண்டியது இரண்டு தேதி: ஐரோப்பாவுக்குள் நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் புதுப்பித்த பல பாஸ்போர்ட்களில் பழையதில் மீந்த மாதங்களையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2025 ஓகஸ்டில் கல்யாணத்துக்குப் புறப்பட்டது. அப்பாவின் பாஸ்போர்ட் 2015 மார்ச்சில் வழங்கப்பட்டது, முடிவு 2025 டிசம்பர் என்று அச்சடித்திருந்தது. இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பிரான்ஸ் பொலிஸ் அந்தப் பக்கத்தைத் திருப்பி, வழங்கிய தேதியில் விரலை வைத்துக் காட்டினார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோன பலகாரப் பெட்டியோடு ஐந்து பேரும் வீடு திரும்பினார்கள்.

இது நடந்தது கலேயில் அல்ல, டோவரில். 2003இல் பிரான்சின் லெ துக்கே நகரில் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையின்படி பிரான்ஸ் அதிகாரிகள் இங்கிலாந்துக் கரையிலேயே சோதிக்கிறார்கள், திரும்பும்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் கலேயில் சோதிக்கிறார்கள். அதனால் கப்பல் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னே போனால் போதும் என்ற பழைய கணக்கை விட்டுவிடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது, முதல் தடவை பதிகிறவர்களுக்கு நேரம் எடுக்கும். பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை காலையில் டோவர் போகிறவர்கள் வரிசையில் நிற்பதற்கும் தயாராகப் போக வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு நாளைப் பாருங்கள். நியூஹேவனிலிருந்து தியெப் போகும் கப்பல் நாலு மணித்தியாலம் எடுக்கும், ஆனால் துறைமுகம் சிறியது, அங்கிருந்து பாரிசும் கிட்ட.

அப்புறம் விசா. பிரிட்டனில் வதிவிட உரிமை இருக்கிறதே என்று இலங்கை, இந்திய பாஸ்போர்ட்டோடு கிளம்பிவிடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். பிரிட்டன் விசாவுக்கும், பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவை மூன்று மாதத்துக்குக் கூப்பிட்டு, அப்படியே பாரிசுக்கும் கூட்டிப்போகலாம் என்று நினைத்தால், அந்த விசாவை அவர் ஊரில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், இங்கே வந்தபின் விண்ணப்பிப்பது பொதுவாக நடக்காது. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். பாரிசிலிருந்து வரும் மச்சாளிடம் பிரெஞ்சு அடையாள அட்டை போதாது, பாஸ்போர்ட் வேண்டும், 2025 ஏப்ரல் 2 முதல் ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதியும் வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லாமல் அகதிப் பயணப் பத்திரத்தில் வருகிறவர் என்றால் முழு விசாவே எடுக்க வேண்டும். இதைக் கல்யாணத் தேதி குறிக்கும்போதே பேசிவிட்டால் யாரும் அழ வேண்டி வராது.

காருக்கும் பத்திரம் வேண்டும். காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கின் மூலப் பிரதி, லைசென்ஸ் அட்டை, காப்புறுதிப் பத்திரம். வெளிநாட்டில் காப்புறுதி உண்டு என்று காட்டும் கிரீன் கார்ட் 2021 ஓகஸ்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தேவையில்லை, அதனால் காப்புறுதி சரி என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் பொலிசி அங்கே தானாகத் தருவது குறைந்தபட்சக் காப்பு மட்டும்: நீங்கள் இடித்த மற்றவரின் காருக்குப் பணம் வரும், உங்கள் கார் உங்கள் பாடு. லண்டனில் முழுக் காப்புறுதி என்றால் அங்கேயும் அதுவேதானா, எத்தனை நாளுக்கு, மச்சானும் ஓட்டலாமா என்று போன் செய்து கேளுங்கள். ரோட்டில் நின்றுபோனால் இழுத்துவரும் சேவை ஐரோப்பாவுக்கும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

நம்பர் தட்டில் ஜிபி என்றோ ஐரோப்பிய நட்சத்திரங்களோ இருந்தால் பின்னால் யூகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோடு செல்லாது. ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காமலிருக்க அதற்கான ஸ்டிக்கர் உண்டு, பகலிலேயே ஒட்டிவிடுங்கள். எச்சரிக்கை முக்கோணம் பிரான்சில் கட்டாயம், ஒளிரும் மேற்சட்டையும் கட்டாயம். அந்தச் சட்டையைப் பெட்டிகளுக்கு அடியில் டிக்கியில் வைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், லொறிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில், சட்டையை எடுக்க சட்டை இல்லாமல் இறங்க வேண்டிவரும். இருக்கைக்குக் கீழே வையுங்கள், ஆளுக்கொன்று.

கூரைமேல் பெட்டி கட்டுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே அந்த உயரத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரை ஏற்றிக்கொண்டு கடலடியில் போகும் சுரங்க ரயிலில் போவதென்றால் 1.85 மீட்டருக்கு மேல் உயரமான வாகனங்களுக்கு வேறு ரயில் பெட்டி, எரிவாயுவில் ஓடும் காரை ஏற்றவே மாட்டார்கள். ஃபெரியில் காரை நிறுத்தியதும் எல்லோரும் மேலே போய்விட வேண்டும், கப்பல் ஓடும்போது கார்த் தளத்துக்கு வர விடமாட்டார்கள். அதனால் குழந்தையின் பால், அப்பாவின் மருந்து, குளிருக்குச் சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் முதலே எடுத்து வையுங்கள். வாந்தி மாத்திரை கப்பல் ஆடத் தொடங்கியபின் போட்டால் பலன் குறைவு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். ஹான்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, அலாரத்தை அணைத்து, தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நம்மவர்களுக்கு மனம் நோகும் விஷயம். இறைச்சியும் பாற்பொருட்களும் பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் கட்டிக்கொண்டு போனால் கலேயில் பறித்து எறியலாம். கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் வேண்டும். தேங்காயும் வாழைப்பழமும் போகலாம், அவை விதிவிலக்குப் பட்டியலில் இருக்கின்றன. திரும்பும்போதும் இதே கதைதான்: 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால், சீஸ் எதுவும் பிரிட்டனுக்குள் வரக் கூடாது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வாங்கிய மட்டன் ரோல்ஸை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கல்யாணத்தில் சேர்ந்த அன்பளிப்புப் பணத்தையும் எண்ணிப் பாருங்கள், குடும்பமாக வரும் காரில் எல்லோரிடமும் இருப்பது சேர்த்து 10,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அறிவிக்க வேண்டும்.

அக்கரையில் இறங்கியதும் வலது பக்கம் ஓட்டுவது அரை மணித்தியாலத்தில் பழகிவிடும். தவறு வருவது முதல் ஓய்வுக்குப் பிறகு, வெறும் ரோட்டில், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே திரும்பும்போது. பக்கத்தில் இருப்பவர் "வலது, வலது" என்று சத்தமாகச் சொல்லட்டும். எரிபொருள் குழாயில் கசோல் என்று எழுதியிருப்பதைப் பெட்ரோல் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள், அது டீசல். சுங்கச் சாவடியின் இயந்திரம் இடப் பக்கம் இருக்கும், நம் காரில் அங்கே உட்கார்ந்திருப்பது அம்மாவோ மனைவியோ. சீட்டையும் கார்டையும் அவர் கையில் முன்கூட்டியே கொடுத்துவைத்தால் பின்னால் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். நெடுஞ்சாலையில் வேக எல்லை மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் அதுவே 110.

சுவிஸ் போகிறவர்கள் நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கரான வின்யெட்டை எடுக்க வேண்டும், ஒரு நாள் போனாலும் வருடத்துக்குரிய 40 பிராங்க்தான், இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம் வேறு. அரசாங்கத் தளத்தில் வாங்குங்கள், தேடினால் முதலில் வரும் இடைத்தரகர்கள் கூடுதலாகப் பிடுங்குவார்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப், கென்ட் நகரங்களுக்குள் போவதானால் பிரிட்டிஷ் நம்பர் தட்டை முன்பே ஆன்லைனில் பதிய வேண்டும். ஜெர்மனியின் பல நகரங்களில், கார் புகை குறைந்தது என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் இல்லாமல் நடுநகருக்குள் போக முடியாது.

கடைசியாக நேரம். டிக்கெட்டில் இருப்பது புறப்படும் ஊரின் நேரம், பிரான்ஸ் ஒரு மணித்தியாலம் முன்னே. காரின் கடிகாரத்தை மாற்றாமல் விட்டவர்கள் திரும்பும் கப்பலைத் தவறவிடுவது இதனால்தான். அந்தக் கப்பலை ஞாயிறு இரவுக்குப் போடாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். சனி இரவு மண்டபத்தில் ஒரு மணி வரை நின்று, ஞாயிறு முழுக்க உறவினர் வீடுகளுக்குப் போய், அப்புறம் பிள்ளைகள் எல்லோரும் பின்னால் தூங்க, அப்பா மட்டும் இருட்டில் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறார். திங்கள் மத்தியானக் கப்பல் பெரும்பாலும் விலையும் குறைவு. வேலையில் ஒரு நாள் லீவு கேளுங்கள்.