தேக்கடியில் ஒரு நாள்: காலையில் காட்டு நடை, மாலையில் படகு

கம்பம் பக்கம் இருப்பவர்களுக்குத் தேக்கடி என்றால், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை "வாங்க, ஒரு எட்டு போட்டிங் போயிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போகும் இடம். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். மே மாத விடுமுறை, மதியப் படகு, உச்சி வெயில். படகு கிளம்பிய நிமிடத்திலிருந்து "யானை எங்க, யானை எங்க" என்று ஒரே சத்தம். ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்தது நாலு காட்டுப்பன்றியும், யாரோ தண்ணீரில் தவறவிட்ட ஒரு தொப்பியும்தான்.

அதற்குப் பிறகு பலமுறை போய் வந்ததில் புரிந்தது, அன்று ஏரியின் மேல் ஒரு தப்பும் இல்லை. போன நேரம் சரியில்லை, போன விதமும் சரியில்லை. முதல்முறை போகிறவர்கள் அதே ஏமாற்றத்தோடு திரும்ப வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரே நாளில் காட்டு நடை, படகு இரண்டையும் அலுப்பில்லாமல் முடித்துவிடலாம்.

படி 1: அணை நீர்மட்டம் எவ்வளவு என்று பாருங்கள்

தேக்கடி ஏரி தானாக உண்டான ஏரி இல்லை. முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் தேங்கிய நீர் அது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் 1887இல் தொடங்கி 1895இல் முடித்த அணை. ஆகவே ஏரியின் கரை எங்கே இருக்கும் என்பது அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இதைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

தேக்கிவைக்க அனுமதி உள்ள உச்ச அளவான 142 அடியை ஒட்டித் தண்ணீர் நிற்கும்போது கரை என்று ஒன்றே தெரியாது. மரங்களின் காலடிவரை தண்ணீர் இருக்கும். யானை பக்கத்திலேயே நின்றாலும் இலை மறைத்துவிடும். நீர்மட்டம் இறங்க இறங்க, ஏரியைச் சுற்றி மண் கரை வெளியே வரும். அதில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்குத்தான் மிளா மானும் காட்டெருமையும் யானைக்கூட்டமும் வெட்டவெளிக்கு வரும். உள்காட்டு ஓடைகளும் அந்த நேரத்தில் வற்றிவிடுவதால் குடிக்கவும் இங்கேதான் வந்தாக வேண்டும்.

நீர்மட்டத்தை எங்கே போய்ப் பார்ப்பது? தேனி, மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் அணை நிலவரம் வருமே, அதைத்தான் பாருங்கள். எங்கள் ஊரில் விதைப்பதற்கு முன்னால் பார்ப்பார்கள், நான் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பார்க்கிறேன். 125 அடிக்குக் கீழே என்றால் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை நீர்மட்டம் இறங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் என்பதால், மார்ச்சில் ஒரு வாரநாள் கிடைத்தால் விடாதீர்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் காடு பச்சைப்பசேல் என்று இருக்கும், அட்டையும் அதே அளவுக்கு இருக்கும்.

இன்னொன்று, சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிற கூட்டத்தில், தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளியே திணறும். கோயிலுக்குப் போவதானால் அன்று போங்கள். படகுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட்

புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான். படகுக்கு ஒரு டிக்கெட், காட்டு நடைக்கு வேறொரு டிக்கெட். அதற்கு மேல் வனத்துக்குள் நுழையும் கட்டணம்.

படகை கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும் தனித்தனியாக ஓட்டுகின்றன. ஒரு நாளைக்கு ஐந்து முறை படகு கிளம்பும். வழக்கமாகக் காலை 7.30க்கு முதல் படகு, மாலை 3.30க்குக் கடைசிப் படகு. கட்டணமும் நேரமும் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்து அங்கேயே பதிவு செய்துவிடுங்கள். விடுமுறை நாளில் நேரில் போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

நடையை நடத்துவது பெரியார் புலிகள் காப்பக நிர்வாகம். ஒரு வழிகாட்டியோடு நாலைந்து பேரைத்தான் அனுப்புவார்கள், அதனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் நடைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதே நாளுக்குப் படகைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் படகு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடைக்கு இடமில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள். தெருவில் யாராவது வந்து "சார், உடனே டிக்கெட் வாங்கித் தர்றேன்" என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

சரி, எது முதலில்? காலையில் ஏழு மணி வாக்கில் கிளம்பும் நடை, மாலையில் 3.30 படகு என்பதுதான் என் கட்சி. நடந்து களைத்த காலுக்குப் படகில் உட்காருவது சுகம். விலங்குகள் கரைக்கு இறங்குவதும் வெயில் தாழ்ந்த பிறகுதான். மழைக்காலத்தில் மட்டும் இதைத் திருப்பிப் போடுங்கள். அங்கே பிற்பகல் மழை சொல்லாமல் வந்துவிடும்.

படி 3: பையில் என்ன, உடம்பில் என்ன

உடுப்பு பழுப்பு, காக்கி, கரும்பச்சை போன்ற நிறங்களில் இருக்கட்டும். வெள்ளை வேட்டியும் சிவப்புச் சட்டையும் காட்டுக்கு ஆகாது. காலில் செருப்பு கூடாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். சென்ட் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் பைக்கும் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுக்கும் உள்ளே அனுமதி இல்லை. தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதையும்விடப் பயன்படுவது ஒரு சின்ன பைனாகுலர். வீட்டில் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். போன் கேமராவில் தூரத்து யானை ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் விழும்.

படி 4: போய்ச் சேருவது

மதுரையிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி சுமார் 140 கிலோமீட்டர். ஏழு மணி நடைக்குப் போக வேண்டுமானால் முந்தின இரவே குமுளியில் தங்கிவிடுவதுதான் வழி. கம்பத்தில் தங்குவதும் சரிதான், விடியற்காலையில் மலையேற முக்கால் மணி நேரம் போதும்.

மலை ஏறும் முன் லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. பத்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கிருந்து மேலே போகும்போது மலைச்சரிவில் இறங்கும் பெரிய ராட்சதக் குழாய்கள் தெரியும். நீங்கள் படகில் போகப்போகிற ஏரியின் தண்ணீர்தான் அந்தக் குழாய்களுக்குள் ஓடுகிறது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்குப் பாய்ந்து, வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது.

குமுளியில் சொந்த வண்டியை ஆனவச்சால் நிறுத்துமிடத்தோடு விட்டுவிட வேண்டும். அங்கிருந்து படகுத்துறைக்கு வனத்துறைப் பேருந்து. பேருந்துக்கும் வரிசை உண்டு. 3.30 படகுக்கு இரண்டரை மணிக்கே அங்கே இருங்கள்.

படி 5: காட்டுக்குள் நடப்பது எப்படி

இந்த நாளின் உயிரே இதுதான் என்பேன். இரண்டரை மூன்று மணி நேரம், நாலைந்து கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது. தினமும் கொஞ்சம் நடக்கிற அறுபது வயதுக்காரர் தாராளமாக வரலாம்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த மன்னான், பளியர் பழங்குடியினர். காட்டு வழியெல்லாம் அவர்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஒருகாலத்தில் காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்களையே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றிய திட்டம் 1990களில் இங்கேதான் வேர்பிடித்தது. நமக்கு இன்னொரு வசதி, அவர்களோடு தமிழிலேயே பேசலாம். "அண்ணே" என்று ஆரம்பித்தால் போதும். ஆங்கிலத்தில் சுருக்கமாக "எலிஃபண்ட் டங்" என்று சொல்லிவிட்டு நடக்கிறவர், தமிழில் கேட்டால் அந்த யானை நேற்று ராத்திரி எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது என்று விரல் நீட்டிக் காட்டுவார்.

முதலில் முழங்கால்வரை வரும் அட்டை உறை தருவார்கள். ஷூவுக்கு உள்ளே, பேண்டுக்கு மேலே போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் ஓர் அட்டை ஏறிவிட்டால் பதறிப் பிடுங்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து மெதுவாக நெம்பினால் பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சுரப்பைச் செலுத்தியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை.

வழிகாட்டிக்குப் பின்னால் ஒற்றை வரிசையில் நடங்கள். அவர் கை தூக்கினால் அந்த அடியிலேயே நில்லுங்கள். "என்ன, என்ன" என்று பின்னாலிருந்து கேட்கக் கூடாது. யானை தென்பட்டால் அவர் சுற்றுவழியில் கூட்டிப்போவார். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல போலாமே" என்று கெஞ்சாதீர்கள்.

விலங்கைத் தேடுவதைவிட அது விட்டுப்போன தடத்தைத் தேடுங்கள். மரத்தின் அடியில் சேறு பூசியிருந்தால் அது யானை உடம்பைத் தேய்த்த மரம். சேறு எந்த உயரம்வரை இருக்கிறதோ, யானை ஏறக்குறைய அந்த உயரம். லத்தி, அதாவது யானைச் சாணம், காய்ந்திருக்கிறதா, ஈரமா, அதில் பூச்சி மொய்க்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எங்கள் வழிகாட்டி லத்தியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வாங்க, திரும்பிரலாம்" என்றார். சூடு ஆறவில்லையாம்! அன்று யானையைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் யானையைப் பார்த்ததைவிடத் திகிலாக இருந்தது.

காதையும் திறந்து வையுங்கள். உயரத்தில் இலை சலசலத்துக் கிளை வளைந்தால் மலை அணிலாக இருக்கலாம். செம்மாரூன் நிறத்தில், வாலோடு சேர்த்துக் கை நீளம் இருக்கும். ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் தலைக்கு மேல் போனால் அண்ணாந்து பாருங்கள், அது மலை இருவாட்சியின் சிறகடிப்பு. கருமந்திக் குரங்கு திடீரென்று அடித்தொண்டையில் கத்த ஆரம்பித்தால் வழிகாட்டியின் முகத்தைப் பாருங்கள். கீழே செந்நாயோ அதைவிடப் பெரியதோ நடமாடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். புலியைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். 925 சதுர கிலோமீட்டர் காட்டில் அது நம்மைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்கும்.

படி 6: நடுவில் உள்ள மதியம்

குமுளிக்குத் திரும்பிச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயருங்கள். ஏலக்காய் வாங்குவதானால் நாலு கடை ஏறி இறங்குங்கள். பச்சையாக, உருண்டு திரண்டு, உடைத்தால் உள்ளே கறுப்பாகப் பிசுபிசுப்போடு விதை இருந்தால் நல்ல காய்.

படி 7: படகில்

ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கியையும் போடுங்கள். சும்மா தோளில் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. யானையே எதிர்ப்பக்கம் வந்தாலும் இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள். போன வழியிலேயே படகு திரும்பும். அப்போது அந்தக் கரை உங்கள் பக்கம் வந்துவிடும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், படகிலிருந்து அணை தெரியாது. நம் ஊர்க்காரர்கள் பலர் அதைப் பார்க்கலாம் என்றே ஏறி, இறங்கும்போது முறைத்துக்கொண்டு இறங்குவார்கள். சுற்றுலாப் படகு அவ்வளவு தூரம் போவதில்லை.

ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் படுவது தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பட்டமரங்கள். 1895இல் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். நீருக்கு அடியில் காற்று படாததால் அடிமரம் எளிதில் மக்குவதில்லை, அதனால்தான் நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன. அந்த மொட்டைக் கொம்புகளில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள் போய்விடும், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி மேலே நெளியும். இதை அடையாளம் கண்டுகொண்ட குழந்தை அடுத்த ஒரு மணி நேரம் யானையைக் கேட்காது.

கரையைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. காடு முழுக்கக் கண்ணை ஓட்டாமல், புல்லும் மரமும் சேரும் அந்த ஓரத்தை மட்டும் இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். அசையாமல் நிற்கும் கரும்பாறை காது ஆட்டினால் அது யானை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் தெரிந்தால் காட்டெருமை. சேற்றுமேட்டில் ஈரமாகப் பளபளத்து நாலைந்தாக ஓடினால் நீர்நாய், அது கண்ணில் பட்டால் அன்று உங்களுக்கு யோகம்.

எதுவும் வராவிட்டாலும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஐந்து மணி நெருங்கும்போது மலையின் நிழல் தண்ணீரில் பாதி ஏரிவரை வந்துவிடும். படகுக்காரர் வேகத்தைக் குறைத்து வளைவில் திரும்பும்போது காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும்.

படி 8: வீட்டுக்குக் கிளம்பும் முன்

பேருந்து ஏறுவதற்குள் ஷூவைக் கழற்றி உதறி, விரல் இடுக்குகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் சித்தப்பா மகன் இதைச் செய்யாமல் ஏறிவிட்டான். கம்பம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டிதான் அவன் கணுக்காலைக் காட்டி, "தம்பி, தேக்கடிக்கா போயிட்டு வர்ற?" என்று கேட்டார்.