பழைய ரயில், ரான்ச் ஏரியா டோப்போ மேப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவோட புவியியல் ஆய்வுத் துறை யுஎஸ்ஜிஎஸ் 1884ல இருந்து போட்ட டோப்போ மேப்பெல்லாம், அதாவது மேடு பள்ளம், ஓடை, ரோடு எல்லாம் காட்டுற மேப், அவங்களோட டோப்போவியூ சைட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, ஆனா டவுன்லோட் பண்ணவங்கள்ல பாதிப்பேர் ஓரத்துல இருக்குற சின்ன எழுத்தைப் படிக்கிறதே இல்ல. வயோமிங்கோட தெற்குப் பக்கம், யூனியன் பசிஃபிக் கம்பெனியோட ரயில் லைனும் ரான்ச்சுங்கற மாட்டுப் பண்ணையும் இருக்குற ஏரியாவை வெச்சே சொல்றேன்.

பெரிய தப்பு வருஷத்துலதான். சர்வே பண்ண வருஷம் ஒண்ணு, எடிஷன் வருஷம் ஒண்ணு, ரீபிரிண்ட் அடிச்ச வருஷம் இன்னொண்ணு. கண்ணுல பட்ட நம்பரை எடுத்துட்டு "அந்த வருஷம் இங்க ஊர் இருந்துச்சு"ன்னு சொல்லிடுறாங்க. ஷெர்மன்னு ஒரு ரயில் ஊர், 8,247 அடி உயரத்துல, 1868ல போட்ட லைன்ல இருந்துச்சு, 1901ல லைனைத் தெக்க மாத்திப் போட்டதும் ஊரே காலி, இப்போ அங்க யூனியன் பசிஃபிக் லைனுக்குப் பணம் போட்ட ஏம்ஸ் சகோதரர்களுக்குக் கட்டுன கல் பிரமிடுதான் நிக்குது. இந்த மாதிரி எடத்துக்கு ரெண்டு மூணு எடிஷனைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்காம எதுவும் எழுதாதீங்க. லைன் ஓரமா பேர் போட்டிருக்குறதெல்லாம் ஊர்னு நெனைக்கிறதும் தப்பு, நிறைய எடத்துல அது வெறும் சைடிங், வண்டி ஒதுங்குற எடம், அவ்ளோதான்.

அடுத்தது அந்தக் கட்டம் கட்டமா இருக்குற கோடு. ஒவ்வொண்ணும் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர், செக்‌ஷன்னு சொல்லுவாங்க. 1864 சட்டப்படி லைனுக்கு ரெண்டு பக்கமும் 20 மைலுக்கு ஒத்தப்படை நம்பர் செக்‌ஷன் ரயில் கம்பெனிக்கு, மத்தது அரசாங்கத்துக்கிட்டயே, செஸ் போர்டு மாதிரி. ஆனா யார் நிலம்னு மேப்புல இருக்காது, அது கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ரெக்கார்ட்ல இருக்கும். மேப்புல ரோடு புள்ளிக்கோடா இருக்கேன்னு நம்பி இன்னைக்கு உள்ள போனா ரான்ச்காரர் கேட்டைப் பூட்டி வெச்சிருப்பார்.

விட்டு விட்டுப் போட்ட நீலக்கோட்டை ஓடைன்னு நம்பாதீங்க, வருஷத்துல முக்காவாசி நாள் மணல்தான், மாட்டுக்குத் தண்ணி எங்கன்னு தெரியணும்னா விண்ட்மில் குறியைத் தேடுங்க. ஊதா கலர்ல இருக்குறது பின்னாடி ஏரியல் போட்டோ பார்த்துச் சேர்த்தது, நேர்ல போய் செக் பண்ணது இல்ல.

ஜிபிஎஸ் பாயிண்டை அப்படியே மேப் மேல வெச்சா 1927 டேட்டத்தால, அதாவது எடத்தைக் குறிக்க அந்த மேப் வெச்சிருக்குற பழைய அடிப்படைக் கணக்கால, அந்த ஏரியால 50 மீட்டர் கிட்ட தள்ளிப் போகும், அதுக்கும் முந்தின மேப்னா இன்னும் மோசம். பிரிண்ட் எடுக்குறப்போ ‘ஃபிட் டு பேஜ்’ அடிச்சா 1:62,500ங்கற கணக்கு (மேப்புல ஒரு இன்ச்னா தரையில 62,500 இன்ச்) செத்துப்போச்சு, கீழ இருக்குற ஸ்கேல் பாரை வெச்சு அளந்துக்கோங்க, அது பேப்பரோட சேர்ந்தே சுருங்கும்.